பி.ஈ.ஆர். என்ற மூன்றெழுத்து

என் பெயர் யோகநாதன். தகப்பனார் பெயர் சிவசம்பு. வயது முப்பத்தெட்டு. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஹண்ட்ரட் குவார்ட்டர்ஸ் குடியிருப்புக்குப் பின்னால் உள்ள வீட்டில் என் மனைவி குணபூசணியுடன் குடியிருக்கிறேன். இன்சூரன்ஸ் கம்பெனி ஒன்றில் கம்ப்யூட்டர் பிரிவில் வேலை பார்க்கிறேன். இன்று 9.5.1989, செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு, கிள்ளானில் உள்ள இந்தப் போலீஸ் நிலையத்துக்கு நானாகவே வந்து சார்ஜன் இராமலிங்கத்திடம் இதைச் சொல்கிறேன். எனக்கு மலாய் நன்றாகத் தெரியும். இருந்தாலும் இந்த விவகாரமே ஒரு தமிழ்ச் சொல்லைப் பற்றியது என்பதால் தமிழில் எழுதிக்கொள்ளும்படி கேட்டேன். சார்ஜன் சம்மதித்தார்.

தென்கிள்ளான் குருதிக்கொடைக் கழகத்தின் நன்கொடையாளர் பட்டியலிலிருந்து எல்லாப் பெயர்களையும் ரமணி என்ற பெண் வேண்டுமென்றே அழித்துவிட்டார் என்று அக்கழகத்தின் செயலாளர் தங்கரத்தினம் 2.5.1989 அன்று புகார் கொடுத்திருக்கிறார். அந்தப் புகார் தவறு. பெயர்கள் அழியவில்லை. அவை தாளில் வராமல் போனதற்குக் காரணம் ரமணி அல்ல, நான்.

1984ஆம் ஆண்டு, ஆட்களின் பட்டியல்களை வைத்துக்கொள்வதற்காகச் சிறிய கம்ப்யூட்டர் மொழி ஒன்றை எழுதினேன். அதற்கு ‘வரிசை’ என்று பெயர் வைத்தேன். கணக்கும் கட்டமும் தெரியாதவர்கள்கூட அதில் நாலு வரி எழுதிப் பட்டியலை அச்சடிக்கலாம். வயது, முகவரி என்று பட்டியலில் மேலிருந்து கீழே இறங்கும் பத்திகளில் எந்தப் பத்திக்கு என்ன பெயர் என்று முதல் வரியில் சொல்ல வேண்டும். பிறகு எந்தப் பத்திகளை அச்சடிப்பது என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். கோயில், பள்ளிக்கூடம், பந்து விளையாட்டுக் கிளப் என்று பதினொரு இடங்களில் அதை வைத்திருக்கிறார்கள். குருதிக்கொடைக் கழகம் அவற்றில் ஒன்று. அங்கே 1986இல் புரோகிராம் எழுதியவர் ரமணி. அவர் காப்பாரில் ஒரு தொழிற்சாலை ஆபீசில் வேலை பார்ப்பவர், கழகத்துக்கு வந்து சும்மா உதவி செய்பவர். அவர் எழுதியதை நான் ஒருநாளும் திறந்து பார்த்ததில்லை.

அதன் பிறகு, இந்த வருடம் மார்ச் மாதத்தில், பள்ளித் தலைமையாசிரியர் ஒருவர், வகுப்புக்கு ஒரு வரி மட்டும் வரும்படி பட்டியல் வேண்டும் என்று கேட்டார். அதற்காக மொழியில் புதிதாக ஒரு சொல்லைச் சேர்த்தேன். அது ‘பெர்’ என்ற ஆங்கிலச் சொல், பெர் டே, பெர் மன்த் என்று நாம் எல்லாரும் சொல்வதுதான். எழுத்து பி, ஈ, ஆர். ‘பிரிண்ட் பெர் கிளாஸ்’ என்று அடித்தால் வகுப்புக்கு ஒரு வரி அச்சாகும். என்னிடம் இருந்த பழைய புரோகிராம்கள் எல்லாவற்றையும் ஓட்டிப் பார்த்தேன், எதுவும் கெடவில்லை. அவை எல்லாம் நானே எழுதியவை. அதைச் சோதனை என்று நினைத்தது என் கெட்டித்தனம். 3.4.1989 அன்று பதினொரு இடங்களுக்கும் புதிய டிஸ்கெட்டைத் தபாலில் அனுப்பினேன். கூடவே வைத்த கடிதத்தில், ‘பழையவை அனைத்தும் முன்போலவே இயங்கும்’ என்று அடிக்கோடிட்டு எழுதியிருந்தேன். அந்தக் கடிதத்தின் நகலை இத்துடன் கொடுக்கிறேன்.

அதன் பிறகு, 16.4.1989 ஞாயிற்றுக்கிழமை, கழகத்தின் செயற்குழுக் கூட்டம் நடந்தது. நான் அங்கே இல்லை. ரமணியும் பின்னால் தங்கரத்தினமும் தனித்தனியே என்னிடம் சொன்னது ஒத்துப்போவதால் அதை இங்கே சொல்கிறேன். கேரி தீவிலிருந்தும் ஜெஞ்சாரோமிலிருந்தும் ரத்தம் கொடுக்க வந்தவர்களை இரண்டு மணி நேரம் வெயிலில் நிற்க வைத்தார்கள் என்றும், உள்ளே நாற்காலிகள் விருந்தினருக்கு என்று காலியாகக் கிடந்தன என்றும் ரமணி கூட்டத்தில் சொன்னார். வரிசையில் நிற்பது ஒழுங்கு என்று தங்கரத்தினம் சொன்னார். அப்போது ரமணி, “இப்படி நடத்துனீங்கன்னா பாருங்க அங்கிள், இந்த லிஸ்ட்ல ஒரு பேர்கூட இருக்காது” என்று சொல்லிவிட்டு, கழகத்துச் சாவியை மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். ஆட்கள் வர மாட்டார்கள் என்ற பொருளில் சொன்ன வார்த்தை அது. 28.4.1989 வெள்ளிக்கிழமை தங்கரத்தினம் என் கடிதத்தைப் பார்த்து டிஸ்கெட்டைத் தானே போட்டார்.

அதன் பிறகு, 2.5.1989 செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஆஸ்பத்திரி ஒன்றிலிருந்து கழகத்துக்குப் போன் வந்தது. பிரசவத்துக்கு வந்த ஒரு அம்மாவுக்கு ரத்தப்போக்கு நிற்கவில்லை, ஓ நெகட்டிவ் ரத்தம் கையிருப்பில் ஒரு பைதான் இருக்கிறது, ஆள் அனுப்புங்கள் என்றார்கள். நம் ஊரில் அந்த ரத்தம் உள்ளவர்கள் மிகக் குறைவு. தங்கரத்தினம் உடனே பட்டியலை அச்சடித்தார். அறுநூற்று நாற்பது வரி வர வேண்டிய இடத்தில் எட்டு வரி வந்தது. ரத்த வகைக்கு ஒரு வரி, பக்கத்தில் ஒரு போன் நம்பர். பெயர் ஒன்றுகூட இல்லை.

ஓ நெகட்டிவுக்கு நேராக இருந்த நம்பரைச் சுற்றினார். அது ஜெஞ்சாரோமில் ஒரு மளிகைக் கடை. சுற்றுவட்டாரத்தில் நாற்பது குடும்பத்துக்கு அந்தக் கடை போன்தான். கடை முதலாளியான சீன டவுக்கே எடுத்து, “சியாப்பா? யாரு வேணும், பேர் சொல்லு” என்றார். தங்கரத்தினத்திடம் சொல்லப் பெயர் இல்லை. டவுக்கே மூன்று முறை கேட்டுவிட்டுப் போனை வைத்துவிட்டார். இதைத் தங்கரத்தினமே என்னிடம் சொன்னார். அவர் கெட்டவர் அல்ல. ஒரு பேர்கூட இருக்காது என்று ரமணி சொன்ன வார்த்தை பதினாறு நாளுக்கு முந்தியது, பேரில்லாத தாள் கையில் இருக்கிறது. இரண்டையும் முடிச்சுப்போட்டு, பத்தரை மணிக்கு இந்த நிலையத்தில் புகார் கொடுத்தார். ரமணியை வேலை இடத்திலிருந்து விசாரணைக்கு அழைத்து வந்தார்கள். அதற்கு முன்பே, பத்து மணிக்கு, தங்கரத்தினம் எனக்கும் போன் செய்திருந்தார். நான் உடனே புறப்பட்டு, பதினொன்று இருபதுக்குக் கழகத்துக்குப் போய்ச் சேர்ந்தேன்.

முதலில் பெயர்கள் இருக்கும் கோப்பைத் திறந்தேன். அறுநூற்று நாற்பதும் இருந்தன. ஒரு எழுத்துகூடக் குறையவில்லை. பெருமூச்சு விட்டேன். அதன் பிறகு ரமணியின் புரோகிராமைத் திறந்தேன். அச்சடிக்கும் வரியை நான் படித்தது இப்படி: ‘பிரிண்ட் பெர் குரூப் போன்’. அதாவது குரூப்புக்கு ஒரு வரி, போன் நம்பருடன். எந்திரம் சொன்னதைச் செய்திருக்கிறது. மார்ச்சில் நான் சேர்த்த சொல் அங்கே இருந்ததால், புதிய டிஸ்கெட் வந்த பிறகு யாரோ அந்த வரியை மாற்றியிருக்கிறார்கள் என்று நினைத்தேன். யாரோ என்றால் ரமணிதான். ஒரு பத்து நிமிடம் நானும் அந்தப் பெண்ணைச் சந்தேகப்பட்டேன். இதைச் சொல்லாமல் விட்டால் வாக்குமூலம் முழுமையாகாது.

அதன் பிறகு புரோகிராம் கடைசியாக மாற்றப்பட்ட தேதியைப் பார்த்தேன். 11.8.1986 என்றிருந்தது. நான் அந்தச் சொல்லைக் கண்டுபிடிப்பதற்கு இரண்டரை வருடத்துக்கு முன்பு. மேலே போய்ப் பத்திகளின் வரியைப் பார்த்தேன். முதல் பத்தியின் பெயரும் பி, ஈ, ஆர். ‘பெர்’ என்று ஒரு பத்தியா என்று எனக்கு விளங்கவில்லை. இந்த நிலையத்துக்குப் போன் செய்து ரமணியிடம் ஒரு கேள்வி கேட்க அனுமதி வாங்கினேன். சார்ஜன் இராமலிங்கம் போனை அவரிடம் கொடுத்தார்.

“ரமணி, உங்க புரோகிராம்ல பி, ஈ, ஆர்னு ஒரு பத்தி இருக்கே, அது என்ன?” என்று கேட்டேன்.

“பேர் அண்ணே. மனுசங்க பேர். நேம்னா நாலு எழுத்து, இது மூணுதானே, டைப் பண்ண ஈசிலா” என்றார்.

நான் அச்சடிக்கும் வரியை மறுபடி படித்தேன். ‘பிரிண்ட் பேர் குரூப் போன்.’ பேரை அச்சடி, குரூப்பை அச்சடி, போனை அச்சடி. இரண்டரை வருடமாக எந்திரம் அதைத்தான் செய்துவந்தது. நான் ஆங்கிலத்தில் ஒரு சொல்லைப் புகுத்தியதும் பேர் பெர் ஆகிவிட்டது. தமிழில் பெயர் வைத்து ஒரு மொழி செய்தவன், அதில் யாராவது தமிழில் எழுதுவார்கள் என்று எண்ணிப் பார்க்கவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது, அதைவிட அதிகமாக நிம்மதியாக இருந்தது.

அதன் பிறகு பழைய டிஸ்கெட்டைப் போட்டு மறுபடி அச்சடித்தேன். மணி பன்னிரண்டு ஐந்து. அறுநூற்று நாற்பது வரியும் பெயரோடு வந்தன. ஓ நெகட்டிவ் நான்கு பேர். ஜெஞ்சாரோம் கடை நம்பருக்கு நேரே நாகையா என்று இருந்தது. தங்கரத்தினம் போன் செய்து பெயரைச் சொன்னதும், “நாகையாவா, இங்கதான் கோப்பி குடிக்கிறான்” என்று டவுக்கே கூப்பிட்டுக் கொடுத்தார். அவர் மோட்டார் சைக்கிளில் ஒன்றேகாலுக்கு ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டார். கேரி தீவிலிருந்து வீரம்மா என்பவரை எஸ்டேட் ஆபீஸ் காரில் அனுப்பி வைத்தார்கள். மாலை நாலரைக்குத் தாயும் குழந்தையும் நலம் என்று தகவல் வந்தது. அந்த அம்மா யார் என்று எனக்குத் தெரியாது. அன்று மாலையே ரமணியை வீட்டுக்கு அனுப்பினார்கள், ஆனால் புகார் நிலுவையில் இருக்கிறது.

ரமணியின் புரோகிராமில் ஒரு சொல்லை மாற்றினால் போதும் என்று தங்கரத்தினம் சொன்னார். நான் ஒப்பவில்லை. அவர் எழுதியதில் பிழை இல்லை. மற்ற பத்து இடங்களில் யார் என்ன எழுதி வைத்திருக்கிறார்கள் என்பதும் எனக்குத் தெரியாது. மூன்று நாள் லீவு போட்டு மொழியைத் திருத்தினேன். இப்போது, புதிய சொல் வேண்டும் என்கிறவர் தன் புரோகிராமின் தலைப்பில், மூன்றாம் பதிப்பு என்ற பொருளில், ‘புதிது 3’ என்று ஒரு வரி எழுத வேண்டும். எழுதினால் அந்தப் புரோகிராமில் மட்டும் பி.ஈ.ஆர். என்பது பெர். எழுதாவிட்டால் அது எப்போதும்போலப் பேர். தலைமையாசிரியருக்கு வகுப்புக்கு ஒரு வரி வரும், மற்றவர்களுக்கு ஒன்றும் மாறாது. எல்லா இடங்களிலிருந்தும் புரோகிராம்களைக் கேட்டு வாங்கி ஓட்டிப் பார்த்தேன். பந்து விளையாட்டுக் கிளப்பில் ஆட்டத்துக்கு மலாயில் ‘மாயின்’ என்று ஒரு பத்தி வைத்திருக்கிறார்கள். எம், ஏ, ஐ, என் என்ற அதே எழுத்துகளை ஆங்கிலத்தில் ‘மெயின்’ என்று அடுத்த வருடம் சேர்க்கலாம் என்றிருந்தேன். இனி நான் எதைச் சேர்த்தாலும் அவர்கள் ஆட்டம் கெடாது.

அதன் பிறகு, 7.5.1989 ஞாயிற்றுக்கிழமை, திருத்திய டிஸ்கெட்டோடு கழகத்துக்குப் போனேன். தங்கரத்தினம் காலையிலேயே ரமணியின் வீட்டுக்குப் போய், நான் அவசரப்பட்டுவிட்டேன் அம்மா, உங்கள் பேரைக் கெடுத்துவிட்டேன் என்று சொல்லி அழைத்து வந்திருந்தார். ரமணி ஒரே ஒரு நிபந்தனை போட்டார். அதன்படி நாற்காலிகள் எல்லாம் மின்விசிறிக்குக் கீழே ரத்தம் கொடுப்பவர்களுக்குப் போடப்பட்டிருந்தன. ரமணியின் பழைய புரோகிராம், ஒரு எழுத்தும் மாற்றாமல், அறுநூற்று நாற்பது பேரையும் அச்சடித்தது.

அப்போது தங்கரத்தினம் சட்டைக் கையை மடித்துக்கொண்டு ரமணியின் மேசைக்கு முன்னால் போய் உட்கார்ந்தார். ஒன்பது வருடம் செயலாளராக இருந்தவர், ஊசிக்குப் பயந்து ஒரு தடவைகூட ரத்தம் கொடுத்ததில்லை என்று அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது. ரமணிக்கு அவரை மூன்று வருடமாகத் தெரியும். இருந்தாலும் எல்லாரிடமும் கேட்பதுபோல, விசைப்பலகையில் விரலை வைத்துக்கொண்டு, “பேர் சொல்லுங்க அங்கிள்” என்றார்.

அவர் சொன்னார். அறுநூற்று நாற்பத்தொன்றாவது வரியில் அது இருக்கிறது. தாளை இத்துடன் இணைத்திருக்கிறேன்.

ரமணி மீது குற்றம் எதுவும் இல்லை. சார்ஜன் எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டினார். ஓர் இடத்தில் ‘பெர்’ என்று இருந்ததைப் ‘பேர்’ என்று திருத்தச் சொன்னேன், திருத்தினார். நான் சொன்னபடியே எழுதப்பட்டிருக்கிறது. சொன்னது அனைத்தும் உண்மை.

(ஒப்பம்)
சி. யோகநாதன்

என் முன்னிலையில் கையொப்பமிட்டார்.
சார்ஜன் இராமலிங்கம்
9.5.1989