தோல் தடிமன் ஒன்பதாயிரம்

— முப்பத்தெட்டு போடும்மா.

— சார், நான் ஏற்கெனவே தொண்ணூத்திரெண்டு...

— அழி. அழிச்சிட்டுப் போடு. கம்ப்யூட்டர்ல அழிக்க ரப்பரா வேணும்?

— முப்பத்தெட்டுன்னா ஃபெயில் சார். அறுபதுக்குக் கீழ வந்தாலே திங்கக்கிழமை வேலைக்கு ஆள் எடுக்க வர்ற கம்பெனிக்காரங்க இந்தப் பொண்ண வாசல்லயே நிறுத்திருவாங்க. அவ அப்பா லாரில மூட்டை ஏத்தறவர். இந்த வேலை போச்சுன்னா மறுநாளே மாப்பிள்ளை பார்க்க ஆரம்பிச்சிருவாங்க.

— துறைத்தலைவரா நான் தரத்தத்தான் பார்க்க முடியும். மூட்டையப் பார்க்க முடியாது. முதல்ல இது என்ன ப்ராஜெக்ட்டும்மா?

— நாம கொடுத்ததுதான் சார். ஆப்ஜெக்ட் ஓரியன்டட் புரோகிராமிங். ரெண்டு கற்பனைப் படை மோதணும். வீரன், மந்திரவாதி, டிராகன்... ஒவ்வொண்ணும் எப்படி இருக்கும், என்ன செய்யும்னு ஒரு கிளாஸ் எழுதணும்.

— எனக்கே சொல்லித் தர்றியா? நான் இருபத்தாறு வருஷமா கிளாஸ் எடுக்கறேன்.

— இது வேற கிளாஸ் சார்.

— தெரியும்... தெரியும். என் கண்ணாடி எங்க?

— நெத்தியில சார்.

— ம்ம். இது யாரு, 'மூட்டைக்காரன்'? சண்டைல இவனுக்கு என்ன வேலை?

— படைக்குச் சாப்பாடு தூக்கிட்டு வருவான் சார். அவன் செத்துட்டா அடுத்த சுத்துலேர்ந்து ராஜாவுக்கு உயிர் குறைஞ்சுக்கிட்டே வரும்.

— யாரும் வெட்டாமலேயா?

— பசியில.

— ராஜா பசியில சாகறதா! கேக்கவே நல்லாவா இருக்கு?

— ராஜா சண்டையே போடறதில்ல சார். பின்னாடி நின்னு கை காட்டறதுதான் அவர் வேலை. அதனாலதான் வீரன் கிளாஸோட பிள்ளையா ஆக்காம அவரத் தனியா எழுதியிருக்கா. வகுப்புல வேற யாருக்கும் இது தோணல.

— இங்க 'பிரைவேட்'னு போட்டு என்னத்தையோ மறைச்சு வச்சிருக்காளே?

— அது ராஜாவோட பயம் சார். வெளிய இருந்து யாரும் பார்க்க முடியாது.

— 'பப்ளிக்'?

— அவரோட கோபம்.

— ம்ம்... எனக்கென்னவோ இன்ஹெரிடன்ஸ் ரொம்பக் கம்மியா தெரியுது. அப்பன் கிளாஸ்ல இருக்கறது பிள்ளை கிளாஸுக்கு வரணும் இல்லையா?

— அவளுக்கும் எனக்கும் அப்பன்கிட்டேருந்து அப்படி ஒண்ணும் வந்ததில்ல சார். எல்லாத்தையும் நாங்களேதான் உட்கார்ந்து எழுதிக்கிட்டோம்.

— வாய் கொஞ்சம் நீளம்மா உனக்கு. உன்ன அடுத்த வருஷமும் வேலைல வச்சுக்கலாமான்னு முதல்வர் என்னைத்தான் கேட்டிருக்கார். ஞாபகம் இருக்கட்டும்.

— இருக்கு சார். அதுக்கு ஒரு கையெழுத்துக்காகத்தானே மாசக்கணக்கா உங்க ரூம் வாசல்ல...

— அதுக்கு நாளைக்கு வா. இப்ப இத முடி. இந்த ராட்சசனப் பாரு. யாரு அடிச்சாலும் சாக மாட்டேங்கறான். பெரிய பிழை. இதுக்கே பாதி மார்க்கக் கழிக்கலாம்.

— பிழை இல்ல சார். எல்லாருக்கும் பொதுவா 'அடி வாங்கு'ன்னு ஒரு மெத்தட் இருக்கு. இவனுக்கு மட்டும் அத ஓவர்ரைடு பண்ணி, அதாவது மாத்தி எழுதி, உள்ள காலியா விட்டிருக்கு. எது அடிச்சாலும் உறைக்காது.

— ஏன் உறைக்காது?

— தோல் தடிமன் ஒன்பதாயிரம் சார்.

— மத்தவங்களுக்கு?

— அஞ்சு, ஆறு. டிராகனுக்கே பன்னெண்டுதான்.

— ...இதெல்லாம் யாரு சொல்லிக் கொடுக்கறா இதுங்களுக்கு?

— பாடத்திட்டத்துல இருக்கு சார். மூணாவது பாடம்.

— சரி, ஆயுதம் என்ன வச்சிருக்கான்?

— ஆயுதமே கிடையாது. நாற்காலிய விட்டு எழுந்திரிக்க மாட்டான். யாராவது கிட்ட போனா ஒரே ஒரு வரி சொல்லுவான். போன ஆளுக்கு அந்தச் சுத்து போச்சு.

— என்ன வரி?

— சின்ன வரிதான் சார்.

— என்ன வரின்னு கேட்டேன்.

— "நாளைக்கு வா." கற்பனைதான் சார்.

— அவன் பாட்டுக்கு எதையோ தேடிக்கிட்டே இருக்கானே. என்னத்தத் தேடறான்?

— கண்ணாடிய.

— எங்க இருக்கு அது?

— ...ரெண்டு கொம்புக்கும் நடுவுல சார்.

— ஓஹோ.

— சார், உள்ள வரலாமா? லேப்லேர்ந்து...

— அட்டெண்டருக்கு இங்க என்னய்யா வேலை?

— அஞ்சு மணிக்கு மார்க் போடற சிஸ்டத்த மூடிருவாங்களாம் சார், சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன். அப்புறம்... உங்கள இன்னும் யாராலயும் கொல்ல முடியல சார்.

— என்னது?

— ராட்சசன... ராட்சசன சார்! வாய் குழறிருச்சு. முதல்வரே லேப்ல வந்து உட்கார்ந்து விளையாடிப் பார்த்தாரு. டிராகன், மந்திரவாதி, ஒண்ணு விடாம ஏவிப் பார்த்தாரு. ம்ஹூம். சிரிச்சுச் சிரிச்சு கண்ணுல தண்ணியே வந்துருச்சு அவருக்கு.

— முதல்வர் சிரிச்சாரா?

— "நம்ம ஆளு அப்படியே இருக்காருய்யா"ன்னாரு.

— போய்யா வெளிய!

— அண்ணே, இருங்க. போகாதீங்க. சார், நேராவே கேக்கறேன். இந்த முப்பத்தெட்டு தரத்துக்கா, கொம்புக்கா?

— என்ன பேச்சும்மா இது? என்னை அவ்வளவு அல்பமா நினைச்சிட்டியா? நீ நினைக்கற மாதிரி நான் மனசுல வச்சுக்கறவன் இல்ல.

— அப்ப ராஜா?

— ராஜா நல்லாத்தான் இருக்கார்.

— மூட்டைக்காரன்?

— அவனும் இருந்துட்டுப் போறான். மத்ததெல்லாம் நல்லாவே எழுதியிருக்கா, நான் இல்லேங்கல. அந்த ராட்சசன எழுதின கை இருக்கு பாரு... அதுக்குத்தான் தண்டனை.

— ராட்சசனக் கணக்குல சேர்க்காம விட்டா, மத்ததுக்கு தொண்ணூத்திரெண்டு சரிதானே?

— நூறே போட்டுக்கோ, எனக்கென்ன! ஆனா அவன எழுதினவங்கள நான் விடமாட்டேன். இனிமே இந்தக் காலேஜ் வாசப்படிய மிதிக்கக் கூடாது. சொல்லிட்டேன்.

— அண்ணே, சார் சொன்னது கேட்டுச்சா?

— கேட்டுச்சு மேடம். சாருக்குப் பெரிய மனசு.

— தொண்ணூத்திரெண்டு... பதிஞ்சாச்சு. பூட்டிட்டேன் சார். இனிமே உங்களாலயும் மாத்த முடியாது, என்னாலயும் மாத்த முடியாது.

— பூட்டிட்டியா? இரு... ராட்சசனுக்கு எவ்வளவு கழிச்ச?

— கழிக்கல.

— திமிராம்மா? இப்பத்தானே படிச்சுப் படிச்சு சொன்னேன், எழுதினவங்களுக்கு...

— அவ எழுதல சார். ஓவர்ரைடு சொல்லிக் கொடுக்க மாதிரிக்கு ஒண்ணு வேணும்னு, உங்க ரூம் வாசல்ல நின்னுக்கிட்டே நான் எழுதினது. வகுப்பு மொத்தத்துக்கும் கொடுத்தேன்... மத்ததுங்க எல்லாம் உங்களுக்குப் பயந்துக்கிட்டுக் கொம்பையும் கண்ணாடியையும் எடுத்துட்டுக் கொடுத்துச்சுங்க, இவ ஒருத்திதான் அது யாருன்னே தெரியாம டீச்சர் கொடுத்ததாச்சேன்னு அப்படியே வச்சுட்டா.