அசையாமல் நிற்கப் பழக்கியவள்

பீன்ஸ் கேசரோல் மட்டும் ஏழு வந்திருக்கிறது, தம்பி. சாவு வீட்டுக்குக் கொண்டுவருகிறவர்கள் உப்பாவது போட்டுக் கொண்டுவரலாம். இந்த ஊரில் ஒருத்திக்கும் கைமணம் கிடையாது. ஐஸ் டீ நான் போட்டது, அதைக் குடியுங்கள். நோட்டை மேசைமேல் வைத்தே எழுதுங்கள். மடியில் வைத்து எழுதினால் பிறகு உங்களுக்கே படிக்க வராது.

நீங்கள் வரும்போது லாயத்தில் நின்று எங்கள் குதிரை கவுண்டி ஜட்ஜைத் தடவிக் கொடுத்ததைப் பார்த்தேன். முன்னங்காலையும் தொட்டீர்கள். அது ஆடாமல் அசையாமல் நின்றது. உள்ளே வந்ததும் வராததுமாக, எவ்வளவு சாதுவான குதிரை என்று என்னிடம் சொன்னீர்கள். போலீஸ்காரர் நீங்களே இப்படி என்றால் மற்றவர்களைச் சொல்லி என்ன பயன்?

டெல்மர் ப்ரூயிட் யார் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. டென்னசியில் நடைக்குதிரை வைத்திருக்கிற எவனும் என் புருஷன் பெயரைக் கேட்டால் தொப்பியைக் கழற்றுவான். பதினோரு முறை பெரிய கோப்பை. அவர் கையில் ஏதோ மாயம் இருக்கிறது என்பார்கள். அந்த மாயக் கை குதிரைமேல் பட்டதே போட்டி அன்றைக்குத்தான். மற்ற நாளெல்லாம் பட்டது என் கை.

எங்கள் போட்டியில் வேகம் கிடையாது, தாண்டுவது கிடையாது. முன்னங்காலை எவ்வளவு உயரத் தூக்கி வைக்கிறது என்று மட்டும் பார்ப்பார்கள். ஒரு குதிரை எதற்காகக் காலை நெஞ்சுவரை தூக்க வேண்டும்? தரையில் வைத்தால் வலிக்கிறது, தூக்குகிறது, அவ்வளவுதான். குளம்புக்கு மேலே எரிகிற மருந்தைத் தடவி, பிளாஸ்டிக் தாளைச் சுற்றி விட்டுவிட வேண்டும். அந்த நடையைப் பார்க்கத்தான் பன்றிக்கறி சாண்ட்விச்சும் கையுமாக ஊர் திரளும். எழுந்து நின்று கைதட்டுவார்கள். டாக்டர், வக்கீல், பள்ளிக்கூடத்து வாத்தியார் எல்லோரும்தான். என்ன கம்பீரம், என்ன கம்பீரம் என்று உருகுவார்கள். எனக்குச் சிரிப்பை அடக்குவதுதான் பெரும்பாடு.

மருந்து தடவ எந்த மடையனாலும் முடியும். வித்தை அதற்குப் பிறகுதான் இருக்கிறது. போட்டிக்கு முன்னால் பரிசோதகர் வந்து குதிரையின் காலைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்ப்பார். குதிரை காலை இழுத்தால் போட்டியில் இடமில்லை. புண்ணான காலை அமுக்கினாலும் இழுக்காத குதிரை வேண்டும். அதை நான் செய்தேன். நானே அமுக்குவேன். இழுத்தால் சாட்டைப் பிடியால் மூக்கில் ஒரு தட்டு, காலில் இருக்கும் வலியை மறக்கடிக்கிற அளவுக்கு. இழுக்காமல் நின்றால் ஏப்ரன் பையிலிருந்து ஒரு பெப்பர்மின்ட் மிட்டாய். இருபது நாள் இப்படிச் செய்தால் போதும். இருபத்தொன்றாம் நாள் எவன் வந்து அமுக்கினாலும் குதிரை ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நிற்கும். நான் அடித்ததை எண்ணாதீர்கள், மிட்டாயை எண்ணுங்கள். ஒரு நாளும் தவறியதில்லை.

நான் பழக்குகிற நேரமாகப் பார்த்து டெல்மருக்குக் கடைக்குப் போகிற வேலை வந்துவிடும். திரும்பி வந்து வாசலில் நின்றபடியே 'ஆச்சா?' என்பார். நாற்பது வருஷத்தில் அந்த வேலையில் அவருடைய பங்கு அந்த ஒரு வார்த்தைதான்.

இந்த மார்ச்சில் குதிரையாளர் சங்கத்திலிருந்து கடிதம் வந்தது. செப்டம்பர் முதல் சனிக்கிழமை மேடை போட்டு, மண்டபத்தில் அவருடைய படத்தை மாட்டப் போகிறார்களாம். அவருக்குத் தலைகால் புரியவில்லை. ஏப்ரலில் ஒருநாள், என்ன தோன்றியதோ, ஜட்ஜைத் தானே தேய்த்துவிடப் போனார். போட்டிக்குப் போவதை அது நிறுத்திப் பத்து வருஷம் ஆகிறது. திரும்பி வந்தவர் இதே நாற்காலியில் உட்கார்ந்து விசும்பி விசும்பி அழுதார்.

"காலைத் தொட்டதும் விறைச்சுப் போய் நிக்குது இமொஜீன். இன்னும் அடி விழும்னு நெனைச்சுட்டு நிக்குது."

வயசான குதிரை அப்படித்தான் நிற்கும், சாப்பிட வா என்றேன்.

"மேடையில சொல்லிடப் போறேன். நானும் என் பொண்டாட்டியும் என்னென்ன செஞ்சோம்னு ஒண்ணு விடாம சொல்லிடப் போறேன்."

கவனியுங்கள் தம்பி. பதினோரு கோப்பை வாங்கிய மேடையில் என் பெயர் ஒரு தடவைகூட வந்ததில்லை. ஆண்டவருக்கு நன்றி, குதிரைச் சொந்தக்காரருக்கு நன்றி, லாடம் அடித்தவனுக்குக்கூட நன்றி. கடைசியில் நான் மேடையேறப் போவது இதற்கு. உருளைக்கிழங்கைப் பிசைந்து தட்டில் வைத்தேன்.

ஜூனில் அவருக்குப் பக்கவாதம் வந்தது. அதில் என் கை இல்லை, சத்தியமாக. வலது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சு போய்விட்டது. ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண் ஒருத்தி, இங்கேயே விட்டுவிட்டுப் போங்கள், இரண்டு மாதத்தில் பேச வைத்துவிடுகிறேன் என்று ஆசை காட்டினாள். இரண்டு மாதம் என்றால் செப்டம்பருக்குள் பேசிவிடுவார். வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்கிறேன் என்று அழைத்துவந்துவிட்டேன். ஊரே என்னை மெச்சியது. மெச்சுவதற்கு இந்த ஊருக்கு ஒரு காரணமும் தேவையில்லை.

ஜூலையில் அவருக்கு வயிறு வலிக்க ஆரம்பித்தது. விட்டுவிட்டு வரும். பித்தப்பை என்று இப்போது உங்கள் டாக்டர் அறுத்துப் பார்த்துச் சொல்கிறார். எனக்கு அப்போது அது தெரியாது. வலது விலாவுக்குக் கீழே தொட்டால் துடிக்கிறார் என்று மட்டும் தெரியும். செவ்வாயும் வெள்ளியும் கேலா என்கிற நர்ஸ் வருவாள், வயிற்றை அமுக்கிப் பார்ப்பாள். அவர் துடித்தால் ஆம்புலன்ஸ் வரும், ஆஸ்பத்திரி, மறுபடி அந்தப் பேச்சுக்காரி. வேறு வழி இருந்தால் நீங்களே சொல்லுங்கள்.

அவருடைய கையின் உட்புறத்தில் சின்னச் சின்னக் கன்றல்கள் எப்படி வந்தன என்றுதானே கேட்க வந்தீர்கள்? துணி காயப்போடுகிற மரக் கிளிப். வயிற்றை அமுக்குவேன். முனகினால் கிளிப்பைப் போடுவேன். முனகாவிட்டால் கன்னத்துக்குள் பெப்பர்மின்ட். டாக்டர் அங்கே கண்டெடுத்தாராமே, அதுதான். ஜட்ஜுக்கு இருபது நாள் பிடித்தது. டெல்மர் ஒன்பதே நாளில் படிந்துவிட்டார். குதிரைக்கு இருக்கிற ரோஷத்தில் பாதிகூட மனுஷனுக்குக் கிடையாது.

காய்ச்சல் அடித்த நாட்களில் கேலா வருவதற்கு முன்னால் மாத்திரையைப் பொடித்து ஜாமில் கலந்து கொடுத்துவிடுவேன். நெற்றியைத் தொட்டுப் பார்த்துச் சந்தோஷமாகப் போவாள். கடைசி வெள்ளிக்கிழமை வயிறு பலகை மாதிரி இருந்தது. அதைக்கூடக் கண்டுபிடிக்கத் தெரியாத ஒரு பெண்ணுக்கு யார் நர்ஸ் வேலை கொடுத்தார்களோ.

"டெல்மர் ஐயா, இங்க வலிக்குதா?" என்று அமுக்கினாள்.

அவர் ஜன்னல் வழியாக லாயத்தையே பார்த்துக்கொண்டு கிடந்தார். நெற்றி முழுக்க வேர்வை. முகத்தில் ஒரு சுருக்கம் விழவில்லை. "இப்படி ஒரு நோயாளிய நான் பாத்ததே இல்லம்மா" என்று சொல்லிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு போனாள்.

அவளுடைய கார் கேட்டைத் தாண்டியதும் டெல்மர் என் பக்கம் தலையைத் திருப்பி வாயைத் திறந்தார். மிட்டாய்க்காக. கல்யாணம் ஆகி இத்தனை வருஷத்தில் என்னைப் பார்த்து அப்படிக் காத்திருந்தது அன்றுதான். என்மேல் அவருக்குப் பிரியம் இல்லை என்று இனி யார் சொல்ல முடியும்? ஞாயிற்றுக்கிழமை காலையில், நான் பிஸ்கட்டுக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தபோது, போய்விட்டார்.

இதையெல்லாம் நான் சொல்லியிருக்க வேண்டியதே இல்லை. கட்டில் கம்பி பட்டுக் கன்றிவிட்டது என்றால் எழுதிக்கொண்டு போயிருப்பீர்கள். ஒரு கேசரோலையும் கட்டிக் கொடுத்து அனுப்பியிருப்பேன்.

நேற்று அடக்க ஆராதனையில் என்ன நடந்தது தெரியுமா? பாதிரியார் எழுந்து, டெல்மர் வலியை முகத்தில் காட்டாத வீரர் என்றார். கேலா மூக்கைச் சிந்திக்கொண்டே ஆமாம், ஆமாம் என்றாள். கோயிலே அழுதது. வெளியே வந்ததும் சங்கத் தலைவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, படத்துக்குக் கீழே 'வலியை வென்றவர்' என்று பொறிக்கப் போகிறோம் என்றார்.

டெல்மரா? ஊசியைப் பார்த்தாலே மயங்கி விழுகிற ஆள், தம்பி. விரலில் ஒரு மரச் சிலாம்பு ஏறினால் வீட்டை இரண்டாக்குவார். வலியாவது, வெல்வதாவது. பழக்கியது நான். கேலா எட்டு முறை அமுக்கினாள், எட்டு முறையும் ஒரு முனகல் வெளியே வரவில்லை. இந்த மாநிலத்தில் வேறு யாரால் முடியும் சொல்லுங்கள். கோப்பைகளை எடுத்துக்கொண்டார், சும்மா இருந்தேன். இதையுமா அவருக்கு விட்டுக்கொடுப்பேன்?

கொன்றேன் என்று எழுத வேண்டுமா, எழுதிக்கொள்ளுங்கள். அதில் எனக்கு ஒரு தகராறும் இல்லை. பழக்கியது இமொஜீன் ப்ரூயிட் என்று அதற்கு மேலே எழுதுங்கள். சங்கத்துக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள், படம் மாட்டுவதற்குள் போய்ச் சேரட்டும்.

கோட்டை எடுத்துக்கொள்கிறேன், போகலாம். இந்த மிட்டாயை வைத்துக்கொள்ளுங்கள், லாயத்தைத் தாண்டும்போது ஜட்ஜுக்குக் கொடுக்க வேண்டும். நீங்கள் காலைத் தொட்டுவிட்டுச் சும்மா வந்துவிட்டீர்கள். அது இன்னும் அசையாமல் நின்றுகொண்டிருக்கும்.