சிவப்பு நூல் சேவல்

கோழி வளர்க்கிறவனுக்கு இரண்டு ஜோடி சிலிப்பர் வேண்டும். ஒன்று வீட்டுக்கு, இன்னொன்று கூண்டுக்கு. இதைச் சொன்னால் எங்கள் தாமான் குடியிருப்பில் சிரிப்பார்கள். பக்கத்து வீட்டு ராஜம்மா வேலிக்கு அந்தப் பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டே, "என்னாண்ணே, கோழிக்கு ஆஸ்பத்திரியா வச்சி நடத்துறீங்க?" என்று கேட்பாள். கேட்டுவிட்டுப் போகட்டும் என்று இருந்துவிடுவேன்.

நீங்கள் எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்லச் சொன்னீர்கள், ராகினி. சொல்கிறேன். இனிமேல் மறைக்க என் கொல்லையில் ஒரு இறகுகூட இல்லை.

புக்கிட் காத்தில் பக்கம் இருந்த எங்கள் எஸ்டேட் தோட்டத்தை அழித்து வீடு கட்டிவிட்டார்கள். முனியாண்டி கோயிலை மட்டும் சாலையோரத்தில் விட்டுவைத்தார்கள். திருவிழாவுக்குச் சேவல் நேர்ந்துகொள்கிற பழக்கம் நிற்கவில்லை. ஆனால் வரிசை வீட்டில் இருக்கிறவர்கள் சேவலை எங்கே வளர்ப்பார்கள்? குஞ்சை என்னிடம் கொண்டுவந்து விடுவார்கள். குடும்பத்துக்கு ஒரு நிறம் என்று நான் காலில் நூல் கட்டிவிடுவேன். நேர்ந்தது எதுவோ அதுதான் சாமிக்குப் போக வேண்டும். மாற்றக் கூடாது. இந்த வருடம் ஒன்பது சேவல்கள். மஞ்சள் நூல் ராஜம்மாவுடையது. மகள் தேவிஸ்ரீக்குக் குழந்தை பிறக்க வேண்டும் என்று நேர்ந்தது.

முப்பத்தொரு வருடம் தண்ணீர் பம்ப் ஹவுஸில் வேலை பார்த்தேன். அங்கே யாருக்கும் என் பெயர் தெரியாது. கல்யாணமும் அமையவில்லை. கோயிலில் மட்டும் "சேவல்காரர் வந்துட்டாரா?" என்று மைக்கில் கூப்பிடுவார்கள். வருடத்துக்கு ஒரு நாள். எனக்கு அது பிடிக்கும். வெட்கமில்லாமல் சொல்கிறேன், வேறு எதுவும் எனக்கு அவ்வளவு பிடித்ததில்லை.

பறவைக் காய்ச்சல் பற்றிப் பேச நீங்கள் கால்நடை இலாகாவிலிருந்து எங்கள் பாலாய் ராயா பொது மண்டபத்துக்கு வந்தபோது, முன்வரிசையில் உட்கார்ந்து நோட்டில் எழுதிக்கொண்டவன் நான் ஒருவன்தான். கூண்டுக்கு வலை போடுங்கள், காக்கா புறா அண்டக் கூடாது என்றீர்கள். மறுநாளே போட்டேன். தீவனத்தை மூடி வைத்தேன். வாசலில் கிருமி சாகக் குளோரக்ஸ் கலந்த தண்ணீர் வைத்துக் காலை நனைத்துக்கொண்டுதான் உள்ளே போவேன். கையுறை, முகக்கவசம் எல்லாம் பெட்டியாக வாங்கினேன். புதுக் கோழி வாங்கினால் இரண்டு வாரம் தனியாக வையுங்கள் என்றீர்கள். அதையும் எழுதியிருந்தேன்.

திருவிழாவுக்கு மூன்று வாரம் இருக்கும்போது சிவப்பு நூல் சேவலை உடும்பு தூக்கிக்கொண்டு போய்விட்டது. அது திவாகர் குடும்பத்துச் சேவல். வலையில் ஒரு மூலையை நான் சரியாகக் கட்டவில்லை. என் தப்புதான். அவர்களிடம் போய்ச் சொல்லியிருக்கலாம். சொன்னால் அடுத்த வருடம் யார் என்னிடம் குஞ்சைக் கொடுப்பார்கள்? கோலா சுங்கை பாருவுக்குப் பஸ் ஏறி, காலைச் சந்தையில் அதே நிறம், அதே கொண்டை உள்ள ஒரு சேவலைத் தேடிப் பிடித்து, காலில் சிவப்பு நூல் கட்டினேன். சனிக்கிழமை சேவலைப் பார்க்க வருகிறோம் என்று திவாகர் சொல்லியிருந்தார். இரண்டு வாரம் தனியாக வைக்க நேரமில்லை. மற்றச் சேவல்களோடு விட்டால் சண்டை போடும் என்று, முன்கூண்டில் இருந்த என் சொந்தப் பெட்டைகள் ஐந்தோடு விட்டேன். திவாகர் வந்து பார்த்தார். "நல்லா வளத்திருக்கீங்க, அங்கிள்" என்றார்.

திங்கட்கிழமை காலையில் அது தலையைத் தொங்கப்போட்டு நின்றது. கொண்டை நாவல்பழ நிறம். கூடவே இரண்டு பெட்டைகள். நோட்டைத் திறந்து பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. உங்களுக்குப் போன் பண்ண நம்பரை அழுத்தியும்விட்டேன். மணி அடிப்பதற்குள் நிறுத்திவிட்டேன். நீங்கள் வந்தால் பின்கூண்டில் தெம்பாக நின்ற எட்டையும் சேர்த்துத்தானே கொண்டுபோவீர்கள்? எட்டு குடும்பத்து வேண்டுதல். அதை நினைத்துத்தான் நிறுத்தினேன்.

அப்போது ராஜம்மா வேலியில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னாண்ணே, இது மூணும் தூங்கி வழியுது?"

"வெயில் மயக்கம்மா."

"அப்ப செத்துப் போறதுக்குள்ள அறுத்துடலாம்லா. வேஸ்ட்டா போயிடும்."

தோட்டத்தில் பிறந்தவர்கள் எல்லாரும் அப்படித்தான். கோழி சுணங்கினால் அன்றைக்கே குழம்பு. எங்கள் அம்மாவும் அதைத்தான் செய்தார். வேண்டாம் என்றால் ஏன் என்பாள். ஏன் என்று தெரிந்தால் பொழுது சாய்வதற்குள் தாமான் முழுக்கத் தெரியும். "எடுத்துக்கம்மா" என்றேன். சிவப்பு நூலை முதலில் அறுத்துப் பையில் போட்டுக்கொண்டேன். நேர்ந்த சேவல் என்று தெரிந்தால் அவள் தொடமாட்டாள்.

நன்றாக வெந்த கறியால் ஒன்றும் ஆகாது என்று நீங்களே அன்றைக்குச் சொன்னீர்கள். அதைத்தான் நானும் நினைத்துக்கொண்டேன். அவள் பின்பக்கம் உட்கார்ந்து, சுடுதண்ணீரில் முக்கி முக்கி இறகு பிடுங்கினாள். குடலை வெறுங்கையால் எடுத்துக் கழுவினாள். நெற்றி வியர்வையை அந்தக் கையாலேயே துடைத்துக்கொண்டாள். நான் ஜன்னலில் நின்று பார்த்தேன். மத்தியானம் ஒரு கிண்ணம் குழம்பைக் கொண்டுவந்து வேலிமேல் வைத்தாள். நல்ல மணம். உள்ளே எடுத்துப்போய், மறுநாள் செத்த மற்ற மூன்று பெட்டைகளோடு குழியில் ஊற்றிச் சுண்ணாம்பு போட்டு மூடினேன். கிண்ணத்தைக் குளோரக்ஸில் கழுவித் திருப்பிக் கொடுத்தேன்.

வெள்ளிக்கிழமை அவளுக்குக் காய்ச்சல். ஞாயிற்றுக்கிழமை மூச்சு வாங்கியது. ஜொகூரிலிருந்து தேவிஸ்ரீ ஓடி வந்தாள். ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு நான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். ராஜம்மாவுக்குக் குழாய் போட்டிருந்தார்கள், பேச முடியாது. வெளியே தேவிஸ்ரீ என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மாமா, அம்மா சீக்குக் கோழி ஏதாச்சும் தொட்டாங்களான்னு டாக்டர் கேக்குறாரு. உங்களுக்கு ஏதும் தெரியுமா?"

"தெரியலம்மா. அம்மா கோழியே வளக்கலையே" என்றேன். அது பொய்யில்லை. அவள் வளர்க்கவில்லைதான்.

அப்போதே சொல்லியிருந்தால் வேறு மருந்து கொடுத்திருப்பார்கள் என்று நீங்கள் நேற்றுச் சொன்னீர்கள். இருக்கலாம். திருவிழாவுக்குப் பதினொரு நாள்தான் இருந்தது. அந்த எட்டில் மஞ்சள் நூலும் இருந்தது. அவள் மகளுக்காக நேர்ந்ததை நான் காப்பாற்றிக் கொடுக்கிறேன், அதுதான் அவளுக்கு நான் செய்யக்கூடியது என்று இருந்தேன். புதன்கிழமை அவள் இறந்தாள். பாடை தூக்கும்போது நானும் ஒரு பக்கம் தோள் கொடுத்தேன். அழுகை வரவில்லை. கூண்டைச் சாத்தினேனா என்ற யோசனையாகவே இருந்தது.

அவள் இரத்தப் பரிசோதனை முடிவு வந்த பிறகு உங்கள் ஆட்கள் வெள்ளை உடுப்பில் வந்தார்கள். எட்டுச் சேவல்களையும் கொண்டுபோனார்கள். ஒன்றுக்கும் சீக்கு இல்லை, ராகினி. அதை மட்டும் எழுதிக்கொள்ளுங்கள். ஒன்றுக்கும் சீக்கு வராமல் நான் பார்த்துக்கொண்டேன்.

கடைசியாக ஒன்று கேட்டீர்கள். அந்த மூன்றையும் பிடித்துச் சாக்கில் போட்டபோது நான் கையுறை போட்டிருந்தேனா என்று. போட்டிருந்தேன். முகக்கவசமும்தான். எப்போதும் போடுகிறவன் என்பதால் ராஜம்மா அதைக் கண்டுகொள்ளவில்லை. பெட்டியில் இன்னும் நாற்பது ஜோடி இருந்தது. அவளுக்கும் ஒன்று கொடுக்கலாம் என்று பெட்டிக்குள் கையைக்கூட விட்டேன். கொடுத்திருந்தால் எதற்கு என்று கேட்டிருப்பாள்.