தடி தாண்டிப்போன வாசல்

மலையடிவாரத்தில் கூடியிருக்கும் இந்த மாமன்றத்துக்குத் தலைமையேற்று, வெற்றிலையை ஒரு கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு என்னைக் கண்காணித்துக் கொண்டிருக்கும் எங்கள் பாலிஜோர் ஊரின் அவைத்தலைவி குந்தலா அண்ணி அவர்களே! மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து நடந்தே வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் தாலபடா ஊர்ப் பெரியவர்களே! இடுப்பில் குழந்தையோடும் உதட்டில் சிரிப்போடும் வந்திருக்கும் தாய்மார்களே! இலுப்பை நிழலில் இடம் கிடைக்காமல் வெயிலில் நிற்கும் இளைஞர்களே! காளந்தி பெஹராவின் கைகூப்பிய வணக்கம் உங்கள் அனைவருக்கும்.

மரத்தின் மாண்பைப் பற்றிப் பேசு என்று என்னை அழைத்திருக்கிறார்கள். என்ன தகுதி எனக்கு? நட்டவனா நான்? வளர்த்தவனா நான்? இந்த மேடையில் இருப்பவர்களிலேயே அதிக மரங்களை வெட்டிச் சாய்த்தவன் நான். அதுவும் திருட்டுத்தனமாக!

யாரது பின்னால், கோடாலி இப்போது எங்கே என்று கேட்பது? வீட்டில்தான் இருக்கிறது, தம்பி. என் மனைவி அதை வைத்துப் பலாப்பழம் பிளக்கிறாள். என்னைத் தொடவிடுவதில்லை.

பதினாறு ஆண்டுகளுக்கு முன் இந்த மலையைப் பார்த்தவர்கள் கை தூக்குங்கள். ஆம், நினைவிருக்கிறதல்லவா? மழித்த தலைபோல் மொட்டையாய் நின்ற மலை. மாசி பிறக்குமுன் மணலாகிப் போன ஓடை. விறகுக்கு விடியலில் போன பெண்கள் வெறுங்கையோடு திரும்பிய காலம். அப்போதுதான் எங்கள் ஊர்ப் பெண்கள் ஒரு முடிவெடுத்தார்கள். எஞ்சியிருக்கும் காட்டை நாமே காப்போம். தினம் நான்கு வீட்டார் காவல். காவல் முடித்து இறங்குகிறவர், மாலையில் தம் கைத்தடியை அடுத்த வீட்டு வாசலில் சாய்த்து வைக்க வேண்டும். எவர் வாசலில் தடி நிற்கிறதோ, அவர் மறுநாள் காலையில் மலையேற வேண்டும்.

அந்தக் காலத்தில் அடியேன் என்ன செய்துகொண்டிருந்தேன்? பழைய சோற்றில் தயிரூற்றி, சுட்ட கத்தரிக்காயைத் தொட்டுக்கொண்டு ஊரே உண்டு கண்ணயரும் உச்சிவேளை இருக்கிறதே, அந்த வேளையில் கோடாலியோடு மலையேறிக் கொண்டிருந்தேன். வெட்டியதைச் சைக்கிளில் கட்டிச் செங்கல் சூளையில் போட்டுவிட்டு வருவேன். எல்லோருக்கும் தெரியும். அதனால்தான் தடி என் வீட்டைத் தாண்டிப் போனது. பக்கத்து வீட்டுச் சுலோசனா வாசலில் ஒரு நாள் நிற்கும். மறுநாள் என் வாசலைக் கடந்து, அதற்கடுத்த வாசலுக்குப் போய்விடும்.

எனக்கு அது உறுத்தவில்லை. என் மனைவி திலோத்தமாவுக்கு உறுத்தியது. தினமும் மாலையில் வாசல் பெருக்கித் தண்ணீர் தெளித்து நின்றுகொண்டிருப்பாள். ஒருநாள் என்னிடம் சொன்னாள்: "எல்லா வீட்டுக்கும் வாசல் இருக்கு. நமக்கு மட்டும் சுவருதான் இருக்கு போல. தடி கூட நிக்காம போகுது."

நல்லதுதான், ஒரு வேலை மிச்சம் என்றேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போனாள். அந்தப் பார்வையை இன்றுவரை நான் முழுதாக வெளியில் சொன்னதில்லை. இன்றும் சொல்லப்போவதில்லை.

பிடிபட்டேன். பிடிபடாத திருடன் உண்டா? ஒரு வேங்கை மரத்தைப் பாதி வெட்டியிருந்தேன். வேங்கையை வெட்டினால் சிவப்பாகப் பால் வடியும், நீங்கள் அறிவீர்கள். என் இரண்டு கையும் இரத்தம் தோய்ந்ததுபோல் இருந்த நேரத்தில் குந்தலா அண்ணியும் மூன்று பெண்களும் எதிரே வந்து நின்றார்கள். அடி விழும் என்று தோளைக் குறுக்கினேன். அண்ணி மூச்சு வாங்கினார். பிறகு மெல்லச் சொன்னார்: "கையைக் கழுவிக்கிட்டு வீட்டுக்குப் போ. நாளைக்கு ஊர் பேசும்."

ஊர் பேசியது. தள்ளி வை என்றார்கள் சிலர். தண்ணீர் எடுக்க விடாதே என்றார்கள் சிலர். எல்லாவற்றையும் கேட்டபிறகு அண்ணி எழுந்தார்.

"இவனைத் தள்ளி வச்சா இவன் திருடிக்கிட்டே இருப்பான், நாம துரத்திக்கிட்டே இருப்போம். இது உன் காடும்தான்டான்னு என்னைக்காவது இவன்கிட்ட சொல்லியிருக்கோமா? நாளைக்குத் தடி இவன் வாசலுக்குப் போகட்டும்."

அடுத்த நாள் மாலை, என் தாய்மார்களே, தடி எங்கள் வாசலில் நின்றது! முதலில் பார்த்தவள் திலோத்தமா. மறுநாள் விடிந்ததும் சால் மரத்து அகன்ற இலையில் சோறு கட்டி என் கையில் வைத்தாள்.

திருடனுக்குத்தானே திருடன் வரும் வழி தெரியும்? இரண்டு முறைக்காவலில் எல்லாக் குறுக்குப் பாதையையும் காட்டிக்கொடுத்தேன். மூன்றாவது முறை, எனக்கும் இன்னொருவனுக்கும் மட்டுமே தெரிந்த பாதையில் அந்த இன்னொருவனே வந்தான். வனமாலி. தாலபடாவில் இருக்கும் என் மைத்துனன். திலோத்தமாவின் கூடப்பிறந்த தம்பி.

"வெட்டக் கத்துக் கொடுத்ததே நீங்கதான் மச்சான். இப்ப நீங்களே தடியோட மறிக்கிறீங்களா?" என்றான்.

சூளைக்கா என்று கேட்டேன். இல்லை என்றான். காற்றில் அவன் வீட்டு உத்திரம் முறிந்து கூரை இறங்கிவிட்டது. மனைவி நிறைமாதம். மழைக்கோ பத்து நாள்கூட இல்லை.

சொல்லுங்கள், என்ன செய்வேன் நான்? விட்டால், அந்தத் தடி இனி என் வாசலில் நிற்குமா? மறித்தால், என் மனைவியின் தம்பி குழந்தை நனைந்துகொண்டே பிறப்பதா? ஊர் ஒரு கையை இழுக்கிறது, உறவு ஒரு கையை இழுக்கிறது. வாடா, அண்ணியிடம் கேட்போம் என்றேன்.

"கேக்கறதா? ஒரு மரத்துக்காக அடுத்த ஊருல போயி கை கட்டி நிக்கணுமா? அதுக்குத் திருடறதே கௌரவம்."

"நானும் அப்படித்தான் நினைச்சேன் வனமாலி. நினைச்சு நினைச்சுத்தான் பத்து வருஷம் திருடனாவே இருந்தேன். ஒரே ஒரு தடவை கேட்டுப் பாரு."

வந்தான். தலை குனிந்து கேட்டான். இந்த மலை யாருக்கு என்று எங்களோடு அப்போது மல்லுக்கு நின்ற தாலபடா ஊர்க்காரன் அவன், மறந்துவிடாதீர்கள். அண்ணி இரண்டே கேள்வி கேட்டார். உத்திரம் எத்தனை முழம்? வலி எப்போது எடுக்கும்? பிறகு, காற்றில் சாய்ந்துகிடந்த ஒரு சால் மரத்தை எல்லோருமாகப் போய்த் தேர்ந்தெடுத்தோம். நல்ல பகலில், ஊரறிய வெட்டினோம். எட்டுப் பெண்களும் நாங்கள் இரண்டு ஆண்களும் அதைத் தோளில் ஏற்றி மலை தாண்டினோம்.

தாலபடாப் பெரியவர்களே, சண்டைக்கு வருகிறோம் என்று நினைத்துக் கம்போடு நீங்கள் ஓடிவந்ததை நான் சொல்லலாமா? சிரிக்கிறீர்கள், சொல்லிவிட்டேன். உத்திரத்தைப் பார்த்தீர்கள். கம்புகளைக் கீழே போட்டீர்கள். தோள் கொடுத்தீர்கள்! மழைக்கு முந்தின நாள் கூரை ஏறியது. அதன் கீழே ஒரு பெண் குழந்தை பிறந்தது. மறு வருடம் மலையின் வடசரிவைத் தாலபடா காக்கத் தொடங்கியது.

மரம் நமக்கு என்ன தருகிறது? நிழல் தருகிறது, நீர் தருகிறது. உண்ண இலை தருகிறது, உலர்த்த இலுப்பைப்பூ தருகிறது. முதல் இடி இடித்தால் மண்ணைப் பிளந்துகொண்டு காளான் தருகிறது. வைகாசியிலும் வற்றாமல் இன்று ஓடுகிறதே நம் ஓடை, அந்த ஓசையைத் தருகிறது. ஆனால் எனக்கு அது தந்தது அண்டை வீட்டாரை! என் மனைவிக்கு அது தந்தது ஒரு வாசலை! ஒருவரிடம் ஒருவர் போய்க் கேட்கலாம், கேட்டால் காதுகொடுப்பார்கள் என்ற தைரியத்தை இரண்டு ஊருக்கும் அது தந்தது! மரமே இல்லாத மலையில் கேட்க என்ன இருக்கிறது? கொடுக்கத்தான் என்ன இருக்கிறது?

அண்ணி கையசைக்கிறார். முடித்துக்கொள்கிறேன்.

இந்த ஆண்டு எவர் எவருக்கு மரம் தருவது என்று முடிவெடுக்கத்தான் இன்று கூடியிருக்கிறோம். கூரை சரிந்தவர்கள் இங்கே இருக்கிறீர்கள். ஏர் முறிந்தவர்கள் இருக்கிறீர்கள். மகளுக்குக் கட்டில் செய்ய வேண்டியவர்கள் இருக்கிறீர்கள். கூச்சப்படாதீர்கள். பொறுமையாய்ச் செவிகொடுத்த பெரியோர்க்கும், பிள்ளைகளை அழவிடாமல் பார்த்துக்கொண்ட தாய்மார்க்கும் என் நெஞ்சு நிறைந்த நன்றி. நான் இறங்கி வழிவிடுகிறேன். முதலில் கேட்க வேண்டியவர் மேடைக்கு வாருங்கள். வணக்கம்.