ரெண்டு வாய்ச் சோறு

ஒல்லாந்தர் கோட்டைத் துறையில் படகேற ஒரு முறை உண்டு. முதலில் சீட்டு, பிறகு சோதனை, பிறகு காரணமே இல்லாத காத்திருப்பு. பல காலம் அதை நடத்தி ஓய்வு பெற்ற நானும் அன்று வரிசையில் நின்றேன். முன்னால் இரண்டு மீனவப் பெண்கள், நாத்தனாரும் தம்பி பெண்டாட்டியும், அக்கரை வைத்தியரிடம் மருந்து வாங்கப் போகக் காத்திருந்தார்கள்.

“ஏண்டி கன்னியம்மா, என் தம்பி எலும்பும் தோலுமா கெடக்கறான். நீ இன்னான்னா மறுபடியும் பெருத்துக்கினு வர்றியே?”

“ஆமாக்கா.”

“நாலு எட்டு வெச்சா மூச்சு வாங்கும் உனக்கு. எளைச்சாதான் உசுரு தங்கும்னு வைத்தியர் சொல்லி, ராத்திரிக்குக் கஞ்சி, விடியக்காலைல ஏரிக்கரை நடைன்னு எம்மா பாடுபட்டு எளைச்சே?”

“நான் எங்கக்கா பாடுபட்டேன்? எனக்கு ஆத்தாமையா இருக்கும்னு அவரும் சோத்தை உட்டுட்டுக் கஞ்சிதான் குடிச்சாரு. வலைக்குப் போறதுக்கு முன்னால கூடவே நடந்தாரு. அதாலதான் எளைச்சேன்.”

“அப்புறம் இன்னாத்துக்கு இப்டி?”

“காய்ச்சல்ல படுத்ததுலேர்ந்து சோத்தைப் பாத்தாலே மூஞ்சத் திருப்பிக்கறாரு. எதிர்ல குந்தி நான் ஆசையாத் தின்னா, அவரும் ரெண்டு வாய் வாங்கறாரு. அதான் மீன்கொழம்பு ஊத்தி வயிறுமுட்டத் திங்கறேன்.”

சோதனைக்காரன் அவள் கூடையைத் திறந்து மூடினான். மறுபடியும் திறந்தான். இரண்டு முறை திறக்க வேண்டும் என்பது விதி.

நாத்தனாரின் குரல் இறங்கிவிட்டது. “நேத்து தின்னானா?”

கன்னியம்மா கூடையை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

“நேத்து நான் மட்டுந்தான்க்கா தின்னேன்.”