ஈர டம்ளர்

த்ரிசலா: நம்ம டோக்கன் பதினேழு. இன்னும் ரெண்டு பேர்தான்டா.

வீரேந்திரன்: ஒரு டீ குடிச்சிட்டு வந்துடறேன்கா...

த்ரிசலா: உட்காரு. போன வாரமும் டாக்டரைப் பார்க்காம டீக்குத்தான் போன. செங்கம் ரோடு பூரா தேடினேன்.

வீரேந்திரன்: கால் உதறுதுக்கா. நடந்தா தேவலன்னு இருக்கு.

த்ரிசலா: கடைசியா மாத்திரை எப்ப போட்ட?

வீரேந்திரன்: நேத்து சாயங்காலம். அம்மா மேல சத்தியமா.

த்ரிசலா: அம்மாவை இழுக்காத. கண்டுபுடிச்சதே அவங்கதான்.

வீரேந்திரன்: எப்படி?

த்ரிசலா: பொழுது சாஞ்சா நம்ம ஜைன வீட்ல யாராவது தண்ணி தொடுவோமா? காலையில பார்த்தா டம்ளர் ஈரமா இருக்கு. மூணு நாளா. யாருடி குடிச்சதுன்னு என்னைக் கேட்டாங்க...

வீரேந்திரன்: நீ என்ன சொன்ன?

த்ரிசலா: நீதான்னு சொன்னேன். மாத்திரை விஷயத்தையும் சொல்லிட்டேன். வீட்ல வேற யாரு இருக்கா?

வீரேந்திரன்: ம்... சரி. அழுதாங்களா?

த்ரிசலா: இல்ல. டம்ளரை விளக்கி கவுத்து வச்சாங்க.

வீரேந்திரன்: மண்டியில மல்லாட்டை மூட்டை தூக்கி முதுகு புடிச்சப்ப ஒரே ஒரு மாத்திரைதான்... வலியோட சேர்த்து கவலையும் போயிடுச்சு. அந்த சொகத்துலதான் மாட்டிக்கிட்டேன்.

த்ரிசலா: டாக்டர் பத்து நாளைக்குத்தான் எழுதினாரு. நான்தானே ஏழு மாசம் குடுத்தேன்? சீட்டு இல்லாம, மெடிக்கல் ஓனருக்குத் தெரியாம... நீ வலியில துடிக்கறதைப் பார்க்க முடியலடா. அன்னிக்கே என் கை ஒடைஞ்சிருக்கக் கூடாதா!

வீரேந்திரன்: மெதுவாக்கா. எல்லாரும் பார்க்கறாங்க.

த்ரிசலா: மெடிக்கல்ல வேலை செய்யறவ, எனக்குத் தெரியாதா? வலிக்கு மருந்து மாதிரி ஒண்ணு மூளையே சுரக்கும். நாம வெளியில இருந்து கொட்டக் கொட்ட, அது கம்மி பண்ணிக்கும்.

வீரேந்திரன்: அதான் ஒண்ணு போதலன்னு மூணு ஆச்சா?

த்ரிசலா: ஆமா. மூளை அதுக்குப் பழகிடும். திடீர்னு நிறுத்தினா தவிச்சுப் போயிடும். கொட்டாவி, மூக்கு ஒழுகறது, எலும்புக்குள்ள யாரோ குடையற மாதிரி...

வீரேந்திரன்: எனக்கு இருக்கறதை அப்படியே சொல்றியே!

த்ரிசலா: கடைக்கு வர்றவங்களைப் பார்க்கறேன் இல்ல?

வீரேந்திரன்: இந்தா கர்சீப். காலையில இருந்து முந்தானையிலயே மூக்கைத் துடைக்கற.

த்ரிசலா: ஜலதோஷம்டா.

வீரேந்திரன்: கொட்டாவியும் ஜலதோஷமா? இது நாலாவது.

த்ரிசலா: உன்னை நெனச்சு தூக்கமே இல்ல...

வீரேந்திரன்: அக்கா... ஒண்ணு சொல்றேன், கோச்சுக்காத.

த்ரிசலா: சொல்லு.

வீரேந்திரன்: நான் கெட்டுத்தான் போயிட்டேன். ஆனா மாத்திரையை பொழுதுக்குள்ளயே போட்டுடுவேன். அதுக்கு மேல தண்ணி வாயில பட்டதில்ல. ஒரு நாள் கூட. அம்மா சொல்லிக் குடுத்ததுல எனக்கு மிச்சம் இருக்கறது அது ஒண்ணுதான்.

த்ரிசலா: இப்ப எதுக்குடா அதெல்லாம்?

வீரேந்திரன்: அந்த டம்ளர் என்னுது இல்லக்கா.

த்ரிசலா: பதினேழு கூப்பிடறாங்க. எழுந்திரு.

வீரேந்திரன்: கூப்பிடட்டும். நீ எத்தனை மாசமா?

த்ரிசலா: முதல்ல உள்ள போலாம், வாடா.

வீரேந்திரன்: சரி விடு. அம்மாவுக்கு நான்தான்னே இருக்கட்டும்.

த்ரிசலா: வேணாம்டா... அந்த ஜன்னல்ல போய் இன்னொரு டோக்கன் வாங்கிட்டு வா. என் பேர்ல.