என் மாட்டுக் கொட்டகைக்குள் நிற்கும் நெடுங்கல்

என் பெயரை அடையாள அட்டையைப் பார்த்து காவல் நிலையத்து எழுத்துக் காவலர் மேலே எழுதிவிட்டார். ஆனால் அந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் எங்கள் பக்கத்தில் யாருக்கும் தெரியாது. கல்பொறுக்கி வீடு எது என்று கேட்டால் சின்னப் பிள்ளையும் கை காட்டும். வயது அட்டையில் அறுபத்தொன்பது, என் அம்மா சொன்ன கணக்கில் எழுபத்தொன்று. தொழில் விவசாயம். இருப்பது கிணற்றுப் பாதையில் கடைசி வீடு, பச்சைக் கதவு. வீட்டுக்குப் பின்னால் மாட்டுக் கொட்டகை, அதற்குப் பின்னால் என் நிலம்.

இந்த வாக்குமூலத்தை நானே எழுதுகிறேன். எழுத்துக் காவலர், "நீங்க சொல்லுங்க பெரியவரே, பத்து நிமிஷத்துல எழுதிடறேன்" என்றார். நான் மாலை வகுப்பில் சேர்ந்து எழுதப் படிக்கக் கற்று ஏழு மாதம் ஆகிறது. எனவே காகிதம் கேட்டேன். கோடு போட்ட காகிதம் கொடுத்தார். மிகவும் வசதியாக இருக்கிறது.

என் நிலம் கல் விளையும் நிலம். ஒவ்வொரு உழவுக்கும் கல் மேலே வரும், நான் பொறுக்கிக் கூடையில் சுமந்து போய் நிலத்தின் மேற்கு மூலையில் கொட்டுவேன், அதன்பிறகு மறுபடி உழுவேன், மறுபடி கல் வரும். நாற்பது வருடத்துக்கு மேல் கொட்டியதில் அந்த மூலையில் இரண்டு ஆள் உயரத்துக்குக் குவியல் எழுந்துவிட்டது. அந்தக் குவியல் முழுவதும் என் முதுகு சுமந்தது. இதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் வழக்கே அந்தக் குவியலைப் பற்றியதுதான்.

ஒன்பது வருடத்துக்கு முன் ஒரு வெயில் நாளில் தொல்பொருள் அலுவலகத்திலிருந்து தொப்பி போட்ட ஓர் அதிகாரி வந்தார். கையில் பழைய பதிவேடு வைத்திருந்தார். "பெரியவரே, இந்தப் பக்கம் அந்தக் காலத்து ஈமக்குழி, கல் வட்டம், நட்ட கல்லு ஏதாவது இருக்கா?" என்று கேட்டார். எனக்குத் தெரிந்தே இருந்தது. ஆனால் இடத்தைக் காட்டினால் வேலி போட்டுவிடுவார்கள் என்று பயந்து, மேற்கு மூலையைக் காட்டி, "அதோ அந்தக் குவியல்தான் சார். எங்க தாத்தா காலத்துக்கு முன்னாலேயே இருக்கு" என்றேன். அவர் நட்ட கல் எங்கே என்று கேட்டார். அது உடைந்து குவியலுக்குள் கிடக்கிறது என்றேன். அவர் வெயில் தாங்காமல் என் கொட்டகை நிழலுக்கு வந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்து தண்ணீர் குடித்தார். அதன்பிறகு போய்விட்டார். ஒரு மாதம் கழித்து ஆட்கள் வந்து குவியலின் முன்னால் இரும்புப் பலகை நட்டார்கள். அதில் எழுதியிருந்ததை அன்று எனக்குப் படிக்கத் தெரியாது.

அவர் சாய்ந்திருந்த சுவருக்குப் பின்னால் ஒரு சாண் தூரத்தில்தான் அவர் கேட்ட நட்ட கல், அந்த நெடுங்கல், நிற்கிறது. எனக்குக் கல்யாணம் ஆன வருடம் நான்தான் அதைச் சுற்றிக் கொட்டகை கட்டினேன். கல் வட்டம் இருந்த இடத்தில் ஏர் போகாது, எனவே கொட்டகைக்கு அது போதும் என்று நினைத்தேன். வட்டத்தின் நடுவில் நிற்கும் கல்லைத் தூணாக வைத்து அதன் தலையில் உத்திரத்தை ஏற்றினேன். நாற்பத்து மூன்று வருடமாக உத்திரம் ஒரு விரல்கூட இறங்கவில்லை. வட்டத்துக் கற்களில் ஐந்து கொட்டகைக்குள்ளும் ஆறு வெளியே வைக்கோற்போருக்கு அடியிலும் இருக்கின்றன. குழியை மூடிய பலகைக்கல்லின் மேல் மாட்டுக்குத் தீவனம் போடுவேன். அதைத் திறந்து பார்த்ததில்லை.

சென்ற செவ்வாய்க்கிழமை காலை என் மருமகன் தன் மண்வாரி இயந்திரத்தோடு வந்தார். அவருக்கு வேறு சொத்து கிடையாது, அந்த இயந்திரம்தான் என் மகளுக்கும் அவருக்கும் சோறு. பக்கத்து நிலத்தில் கிணறு வெட்டும் வேலைக்கு அந்த வண்டி போக வேண்டும், என் குவியல் பாதையை அடைத்துக்கொண்டிருந்தது. அவர் கேட்டார்: "மாமா, பலகை நட்டிருக்காங்களே, ஏதாவது ஆயிடப் போகுது."

"பலகைக்கு என்ன, வாயா இருக்கு? நான் கொட்டின கல்லு. நான் சொல்றேன், தள்ளுங்க மாப்பிள்ளை" என்றேன்.

அவர் பலகையைப் பிடுங்கி வரப்பில் படுக்க வைத்தார், அதன்பிறகு அரை மணி நேரத்தில் குவியலைத் தள்ளிப் பாதையில் பரப்பினார். மதியம் காவல் வண்டி வந்தது. நான் நிலத்தின் மறுகோடியிலிருந்து ஓடி வருவதற்குள் இயந்திரத்துக்கு முத்திரை வைத்துவிட்டார்கள். காவல் ஆய்வாளர், "யார் சொல்லிச் செஞ்சே?" என்று கேட்டார். மருமகன் என்னைப் பார்த்தார், அதன்பிறகு, "யாரும் சொல்லலை சார். நானாத்தான் செஞ்சேன்" என்றார். அவரை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். நான் பக்கத்தில்தான் நின்றேன். வாயைத் திறக்கவில்லை. இதையும் வாக்குமூலத்தில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

புதன்கிழமை காலை மகள் வந்தாள். இரண்டு வருடம் சிறை கிடைக்கலாம், இயந்திரம் திரும்பி வராது என்று நிலையத்தில் சொன்னார்களாம். "இத்தனை வருஷமா அந்தப் பலகை நிக்குதே, அதுல என்ன எழுதியிருக்குன்னு நம்ம வீட்ல ஒருத்தர்கூடப் படிச்சதில்லையாப்பா?" என்று கேட்டாள். நான் உடனே எழுந்து வரப்புக்குப் போனேன். பலகை மேல்நோக்கிக் கிடந்தது. பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வோர் எழுத்தாக விரல் வைத்துப் படித்தேன். பெருங்கற்காலம் என்ற ஒரு சொல்லைத் தாண்டவே வெகுநேரம் ஆயிற்று. முழுவதும் படித்து முடித்தபோது வெயில் உச்சிக்கு வந்திருந்தது. அதில் இருந்தது இதுதான்: பதினொரு கற்கள் கொண்ட வட்டம், நடுவில் ஆறடி நெடுங்கல், கிழக்கே சாய்ந்த மூடுகல்.

என் குவியலில் வட்டமும் இல்லை, நெடுங்கல்லும் இல்லை. பழைய பதிவேட்டில் யாரோ சரியாக எழுதி வைத்ததைத் தொப்பிக்காரர் அப்படியே பலகையில் ஏற்றி, என் பேச்சை நம்பித் தவறான இடத்தில் நட்டிருக்கிறார். ஒன்பது வருடமாக என் பொய் என் நிலத்திலேயே நின்றுகொண்டிருந்திருக்கிறது, மருமகன் குற்றமற்றவர் என்பதும் அதிலேயே எழுதியிருந்திருக்கிறது. எனக்கு மிகுந்த சந்தோஷம் வந்தது. அந்த நேரத்தில் வரக் கூடாததுதான், ஆனாலும் வந்தது.

அதன்பிறகு என் மனைவி என்னைத் தேடிக்கொண்டு வந்தாள். விஷயத்தைச் சொன்னேன். "எனக்குத் தெரியாதுன்னு நெனச்சீங்களா? அன்னிக்கு அந்தத் தொப்பிக்காரருக்குத் தண்ணி கொடுத்ததே நான்தானே" என்றாள். நிலையத்துக்குப் போய்ச் சொல்லப்போகிறேன் என்றேன்.

"சொன்னா கொட்டகை போயிடும். மாட்டை எங்க கட்டுறதாம், உங்க நோட்டுப் புத்தகத்துலயா?"

அவள் குனிந்து பலகையில் ஒட்டியிருந்த மண்ணைத் துடைத்தாள். "சரி, போங்க. மாட்டுக்கு வேற நிழல் பார்த்துக்கலாம். நம்ம பொண்ணுக்கு வேற மாப்பிள்ளையா பார்க்கப் போறோம்?" என்றாள்.

வியாழக்கிழமை காலை நிலையத்துக்கு வந்தேன். ஆய்வாளர் சிரித்து, "மருமகனைக் காப்பாத்தக் கதை கட்டுறீங்களா?" என்றார். "கட்டினது கதை இல்ல சார், கொட்டகை. வாங்க, காட்டுறேன்" என்றேன். அவர் சிரிப்பை நிறுத்தி, நான் சொல்வது உண்மையானால் கொட்டகையும் சுற்றியுள்ள இடமும் அரசாங்கத்துக்குப் போகும், பொய்த் தகவல் கொடுத்ததற்கு என்மேல் வழக்கு வரும் என்று எச்சரித்தார். தெரியும் என்றேன்.

மதியம் ஆய்வாளரும், தொல்பொருள் அலுவலகத்திலிருந்து ஓர் அம்மாவும் வந்தார்கள். முதலில் பாதையில் பரப்பிய கற்களைக் கிளறினார்கள். ஒரு சைக்கிள் சக்கர வளையமும், உடைந்த ஏர்க் கொழுமுனையும், என்னுடைய பழைய ரப்பர் செருப்பில் ஒன்றும் வந்தன. மூவாயிரம் வருடத்துக்கு முன்னால் ரப்பர் செருப்புப் போட்டவர் யாரும் இல்லை என்று அந்த அம்மாவே சொன்னார். அதன்பிறகு கொட்டகைக்கு வந்து மாடுகளை அவிழ்த்தேன், வைக்கோலைத் தள்ளினேன், மூடுகல்லைக் கூட்டிச் சுத்தம் செய்தேன். அந்த அம்மா பதினொன்று எண்ணினார். நெடுங்கல்லை அளந்தார். ஆறடி இரண்டு விரல்.

"இந்தக் கல்லு மேலயா மாடு தின்னுச்சு?" என்று கேட்டார்.

"ஆமாம்மா. நாப்பத்தி மூணு வருஷமா. ஒரு கீறல் விழலை பாருங்க, நல்ல கல்லு" என்றேன். அவர் திட்ட வாயெடுத்தார், சிரித்துவிட்டார். கொட்டகை கட்டாமல் இருந்திருந்தால் இந்தக் கல்லை யாராவது உடைத்து எப்போதோ வீடு கட்டியிருப்பார்கள் என்றும் சொன்னார். அதை அவர் சொன்னதால் எழுதுகிறேன், நான் பெருமைக்காகச் சொல்லவில்லை.

இன்று வெள்ளிக்கிழமை. பதினொரு மணிக்கு எழுத ஆரம்பித்தேன், இப்போது நான்கு. இது கைக்கு வந்ததும் மருமகனை விடச் சொல்லி நீதிமன்றத்துக்கு எழுதி அனுப்புவதாக ஆய்வாளர் சொல்லியிருக்கிறார். எனக்கு எதிரே உள்ள கம்பிக்குப் பின்னால்தான் அவர் இருக்கிறார். சற்றுமுன் கேட்டார்: "மாமா, இன்னும் எத்தனை பக்கம்?"

"இது ஆறாவது மாப்பிள்ளை. அவசரமா?"

"இல்ல மாமா, நிதானமா எழுதுங்க. நான் எங்கயும் போகலை."

காவலர்கள் சிரித்தார்கள், அவரும் சிரித்தார். செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு அவர் சிரித்து இப்போதுதான் பார்க்கிறேன்.

குவியலைத் தள்ளச் சொன்னது நான். ஒன்பது வருடத்துக்கு முன் பொய் சொன்னதும் நான். அதற்கு என்ன தண்டனையோ அதை என்மேல் எழுதிக்கொள்ளலாம், மருமகன்மேல் எழுத எதுவும் இல்லை. என்னை யாரும் மிரட்டவில்லை, ஆசை காட்டவும் இல்லை. கடைசியில், படித்துக் காட்டக் கேட்டுச் சரியென்று ஒப்புக்கொண்டேன் என்று எழுத வேண்டுமாம். அப்படி எழுதினால் அது இரண்டாவது பொய்யாகிவிடும். எனக்கு யாரும் படித்துக் காட்டவில்லை. முதல் எழுத்திலிருந்து நானே படித்துப் பார்த்தேன். எல்லாம் உண்மை.

(ஒப்பம்)
கல்பொறுக்கி